ஸ்பிட்ஃபயரா ஹரிக்கேனா? லென்ஸ்ல பறக்கப்போற மருமவனுக்காகப் போட்ட கணக்கு

மூணு வாரம் முன்னாடி ராத்திரி எங்க அக்கா மவன் லெனேசியாவுல இருந்து, அதான் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல லென்ஸ்னு நாங்க சொல்ற ஊரு, போன் பண்ணி "மாமா, பால்சா மரத்துல ரிமோட்ல பறக்குற ஸ்பிட்ஃபயர் மாடல் கட்டப்போறேன், எந்த கிட் வாங்கலாம்"னு கேட்டான். எந்த கிட்னு கேட்டானே ஒழிய எந்த ப்ளேன்னு கேக்கல. எல்லாரும் வழுக்குறது அங்கதான். நானும் அங்க வழுக்கி விழுந்தவன்தான், அதுவும் கரும்புக்காட்டுக்குள்ள.

அந்தக் கதைய முதல்ல சொல்லிடுறேன். டர்பனுக்கு வந்து நாலஞ்சு வருஷத்துல நான் கட்டின முதல் வார்பேர்ட், அதாவது பழைய சண்டை ப்ளேன் மாடல், ஸ்பிட்ஃபயர்தான், ஏழுல ஒரு பங்கு அளவு, றெக்கை ஒரு மீட்டர் அறுபது. ராவு ராவா உக்காந்து றெக்கைக்குள்ள குறுக்க வர்ற ரிப் ஒவ்வொன்னையும் தேய்ச்சு, பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு, பேனல் கோடு, ரிவெட்டு எல்லாம் போட்டு, கடைசியில எடை பாத்தா 4.1 கிலோ. பரவால்ல பாக்க நல்லாருக்குல்லனு மனச தேத்திக்கிட்டேன். மூணாவது ஃப்ளைட்ல எறக்குறதுக்காக மெதுவா திருப்பினேன், இடது றெக்கை முனை சட்டுனு கீழ போச்சு, அவ்ளோதான், பக்கத்துல இருந்த கரும்புக்குள்ள போயிருச்சு. கரும்பு ஆளுயரத்துக்கும் மேல, உள்ள போனா திசையே தெரியாது, அதுவும் அறுவடை சீசன், இங்க வெட்டுறதுக்கு முன்னாடி தீ வச்சு சோகைய எரிச்சுருவாங்க, அதுக்குள்ள எடுக்கணும்னு ரெண்டு நாள் தேடினோம். கிடைச்சப்ப மோட்டாரும் சர்வோவும்தான் உருப்படி. சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டுக்கு எதிர்வீட்டுத் தாத்தா கேட்டுட்டு சிரிச்சாரு, "1860ல ட்ரூரோ கப்பல்ல வந்ததுல இருந்து நாங்க வெட்டின கரும்புப்பா, உன் ஏரோப்ளேனையும் சேத்து வெட்டியிருப்போம்"னு.

ஸ்பிட்ஃபயர் மோசமான ப்ளேன்னு சொல்ல வரல. 1936 மார்ச் 5ம் தேதி முதல்முறை பறந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அத விட அழகா ஒரு ஃபைட்டர நான் பாத்ததில்ல. ஆனா அந்த அழகுதான் நமக்கு எமன். நீள்வட்டமா முனைக்குப் போகப்போக றெக்கை குறுகிக்கிட்டே போகும், நிஜ ப்ளேன்ல அது பெருசு, வேகம் ஜாஸ்தி, சமாளிச்சுக்கும். நம்ம சைசுக்குச் சுருக்குறப்ப அந்த முனை நாலு விரக்கடை அகலத்துக்கு வந்துரும், அவ்ளோ சின்ன அகலத்துல, அவ்ளோ மெதுவான வேகத்துல காத்து றெக்கைய ஒட்டி ஓடாம பிச்சுக்கிட்டுப் போயிரும். முனை மட்டும் தூக்குறத நிறுத்திரும், அதத்தான் டிப் ஸ்டால்ங்குறோம். இது ஸ்பிட்ஃபயர டிசைன் பண்ணின மிட்செலுக்கே தெரிஞ்ச விஷயம்தான், நிஜ ஸ்பிட்ஃபயர்லயே அடிப்பக்கம் 2 டிகிரி மேல பாத்தும் முனை அரை டிகிரி கீழ பாத்தும் இருக்குற மாதிரி றெக்கைய முறுக்கித்தான் வச்சாங்க. வாஷ்-அவுட்னு பேரு. நம்ம கட்டுறப்ப அந்த முறுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும், ஒவ்வொரு ரிப்பும் வேற வேற அளவு, கொஞ்சம் பிசகினா ஒரு பக்கம் மட்டும் முன்னாடியே விழும். எனக்கு நடந்தது அதுதான், மேல எடை வேற.

இப்ப என் மருமவன் கணக்குக்கு வருவோம். அவன் ரெண்டு வருஷமா ஃபோம் ட்ரெயினர் ஓட்டி, அப்புறம் ஒரு வருஷமா கீழ்றெக்கை ஃபோம் ப்ளேனும் ஓட்டிட்டான், கை வந்துருச்சு, அதுல சந்தேகமில்ல. பிரச்சன அவன் கை இல்ல, அவன் ஊரு. டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க் 1700 மீட்டர் உசரத்துல இருக்கு. அங்க காத்தோட அடர்த்தி இங்க இருக்குறதுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, சுமாரா 82 சதம்னு வச்சுக்கோங்க, வெயில் காலத்து மத்தியானத்துல அதவிடக் கம்மி. லேசான காத்துல அதே எடைய தூக்கணும்னா வேகமாப் போகணும், அதே ப்ளேன் அங்க பத்து சதம் கூடுதல் வேகத்துலதான் எறங்கும். பத்து சதம்தானேன்னு தோணும். எறங்குறப்ப அந்தப் பத்து சதம்தான் வீல் காலு ஒடியுறதுக்கும் ஒடியாததுக்கும் நடுவுல நிக்குது.

இதையே எடையில திருப்பிச் சொன்னா இன்னும் நல்லா உறைக்கும். டர்பன்ல 3.9 கிலோ ப்ளேன் எந்த வேகத்துல எறங்குதோ அதே வேகத்துல லென்ஸ்ல எறங்கணும்னா அத 3.2 கிலோவுல கட்டணும். எழுநூறு கிராம். கிட்டத்தட்ட ஒரு பேட்டரியோட எடை அது. டர்பன்காரனான என் பேச்சக் கேட்டு அவன் அப்படியே கட்டினா தோத்துருவான்னு எனக்கே அப்பத்தான் புரிஞ்சுது, அதனாலதான் உக்காந்து நாலு ப்ளேனையும் கணக்குப் போட்டேன்.

நாலுன்னா ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மஸ்டாங், ஹார்வர்ட், எல்லாம் ரெண்டாம் உலகப்போர் காலத்து ப்ளேன். இந்த நாலும் ஏன்னா நாலுமே இந்தத் தென்னாப்பிரிக்க ஏர்ஃபோர்ஸ் ஓட்டினது, அந்த ஆரஞ்சு-வெள்ளை-நீல வட்டம் போட்டுக்கலாம், நம்ம ஊரு ப்ளேன்னு சொல்லிக்கிட்டுப் பறக்கவிடலாம். அக்கா மவனுக்கு அது முக்கியம். செய்லர் மலான் கதைய எங்கயோ படிச்சிருக்கான், இங்க கேப் பக்கம் வெல்லிங்டன்ல பிறந்து பிரிட்டன் சண்டையில 74 ஸ்க்வாட்ரன்ல ஸ்பிட்ஃபயர் ஓட்டினவரு, திரும்பி வந்து கலர்ட்னு சொல்ற கலப்பின மக்களோட ஓட்டுரிமையப் பறிக்கக்கூடாதுன்னு டார்ச் கமாண்டோ இயக்கத்துல நின்னு அரசாங்கத்தையே எதுத்தவரு. அதனாலதான் ஸ்பிட்ஃபயர்ங்குறான். காரணம் நல்ல காரணம்தான், ஆனா காத்துக்கு அது தெரியாதே.

ஹார்வர்ட எடுத்துக்கிட்டா, நிறைய பேரு ஏமாறுறது இதுலதான். ட்ரெயினர் ப்ளேன்தானே, அப்ப மாடலும் சுலபமா இருக்கும்னு நினைப்பாங்க. இந்த நாட்டு ஏர்ஃபோர்ஸ்ல 1995 வரைக்கும் பயிற்சிக்கு இதத்தான் வச்சிருந்தாங்க, ஏர் ஷோவுல இப்பவும் ஃப்ளையிங் லயன்ஸ் டீம் ஹார்வர்ட்ல கூட்டமா வந்தா அந்த உறுமல் நெஞ்சுக்குள்ள கேக்கும். ஆனா ஹார்வர்ட் ட்ரெயினரா இருந்தது சுலபமா இருந்ததால மட்டும் இல்ல, தப்பு பண்ணினா உடனே காட்டிக்கொடுக்கும், அதுல தேறினவன் ஃபைட்டர்ல தேறுவான்னுதான். மாடல்லயும் அதே குணம். முன்விளிம்பு பின்னால சாஞ்சு முனை குறுகிப்போற றெக்கை, டிப் ஸ்டாலுக்கு ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன். தரையில ஓடுறப்ப சுத்திக்கிட்டு நிக்குற பழக்கமும் உண்டு. அதுக்கு மேல மூக்கு கட்டை, ரேடியல் எஞ்சின் ப்ளேன் இல்லியா, பேலன்ஸுக்கு முன்னாடி ஈயம் வைக்க வேண்டியிருக்கும். வாலுல ஒரு கிராம் கூடினா மூக்குல மூணு கிராம் வைக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, ஹைவெல்ட்ல, அதான் ஜோகன்னஸ்பர்க் இருக்குற மேட்டுநிலத்துல, ஒவ்வொரு கிராமுக்கும் எண்ணிக்கிட்டு இருக்கோம், இதுல ஈயமா? நீள நீளமா இருக்குற அந்தக் கண்ணாடிக் கூண்டு செய்யுறதுக்கே தனியா ஒரு மாசம். ரெண்டாவது மூணாவது மாடலா பண்ணு, முதல்ல வேணாம்னுட்டேன்.

மஸ்டாங். இதுல நான் கொஞ்சம் தடுமாறினேன். கொரியா சண்டையில 2 ஸ்க்வாட்ரன் ஃப்ளையிங் சீட்டாஸ் ஓட்டினது மஸ்டாங்தான், 1953ல சேபர் ஜெட் வர்ற வரைக்கும். கட்டுறவனுக்கு இதுல நிறைய சௌகரியம். றெக்கை நேர்கோடு, அதனால ரிப் வெட்டுறது, மேல மெல்லிசு பால்சா ஷீட் ஒட்டுறது எல்லாம் சட்டுனு நடக்கும். வீல் காலு அகலமா வச்சு உள்பக்கம் நேரா மடியும், கால மடிக்கிற சாதாரண எலக்ட்ரிக் ரிட்ராக்ட் வாங்கிப் போட்டா போதும். ஸ்பிட்ஃபயர்ல காலு ரெண்டும் ஒட்டி ஒட்டி இருந்து வெளிப்பக்கம் மடியும், புல்லுல எறங்குறப்ப தள்ளாடும், அந்தத் தொல்லை இதுல இல்ல. ஆனா ஒரே அளவுல சுருக்கினா நாலுலயும் றெக்கைப் பரப்பு கம்மி இதுக்குத்தான். ஏழுல ஒரு பங்குல போட்டுப் பாத்தா மஸ்டாங் சுமார் 44.5 சதுர டெசிமீட்டர், ஸ்பிட்ஃபயர் 46, ஹரிக்கேன் கிட்டத்தட்ட 49. வேகமா வர்ற ப்ளேன், வேகமா எறங்குற ப்ளேன். டர்பன்ல, அதுவும் சாயங்காலம் கடல்ல இருந்து வடகிழக்குக் காத்து எதிர்ல வந்து நிறுத்துறப்ப, மஸ்டாங் எறக்குறது எனக்குச் சுகம். லென்ஸ் பக்கம் காத்தில்லாத காலையில அது நிக்காம ஓடும்.

ஹரிக்கேன்னு சொன்னதும் போன்ல ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "மாமா, அது முதுகு கூன் விழுந்த மாதிரி இருக்கும்ல" அப்படின்னான். இருக்கும்தான். 1935 நவம்பர் 6ல பறந்தது, ஸ்பிட்ஃபயருக்கு நாலு மாசம் மூத்தது, பாக்க மட்டும் ஒரு தலைமுறை மூத்தது மாதிரி. ஆனா இந்த நாட்டுக்கு அது சும்மா இல்ல. 1940-41ல கிழக்கு ஆப்பிரிக்காவுல இத்தாலிக்காரங்கள எதுத்து 1, 3 ஸ்க்வாட்ரன்காரங்க பறந்தது ஹரிக்கேன்ல. இந்த நாட்டு பட்டர்வொர்த்ல பிறந்த பைலட் பேட் பேட்டில் கிரீஸ்ல 1941 ஏப்ரல்ல செத்தப்ப ஓட்டிக்கிட்டு இருந்ததும் அதுதான், அவருக்கு 26 வயசு.

கட்டுறவன் கண்ணுல பாத்தா அதோட அருமை தெரியும். நிஜ ஹரிக்கேன்லயே பின்பக்க உடம்பு ஸ்டீல் குழாய்க்கு மேல மரச்சட்டம் வச்சு, நீளநீளமா மர ஸ்ட்ரிங்கர் ஓட்டி, துணி போத்தினதுதான். அப்ப நாம உடம்புக்குக் குறுக்க நிக்குற பால்சா ஃபார்மர், ஸ்ட்ரிங்கர் வச்சு துணி ஒட்டுறப்ப நடிக்கவே வேணாம், ஸ்ட்ரிங்கர் வரி வரியா தெரியுறதுதான் நிஜம். ஸ்பிட்ஃபயர்ல அந்த வளைவு முழுக்க ஷீட் போட்டு, தேய்ச்சு, மேல கண்ணாடித்துணி ஒட்டி, வார்னிஷ் பூசி, திரும்பத் தேய்ச்சு அலுமினியம் மாதிரி காட்டணும், அத்தனையும் எடை. ஹரிக்கேன்ல பின்பக்கம் பாதிக்கு மேல வெறும் காத்து. பின்பக்கம் லேசா இருந்தா முன்னாடி ஈயமும் கொறையும், ரெட்டை லாபம். றெக்கை தடிப்பம், அகலம், முனையில கூட நல்ல அகலம் மிச்சமிருக்கும். வாஷ்-அவுட் கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் மன்னிக்கும். காலு அகலம். அதுல ஒரே சிக்கல் காலு மடியுற விதம், உள்பக்கமும் கொஞ்சம் பின்பக்கமும் சாஞ்சு மடியும், கடையில வாங்குற ரிட்ராக்ட அப்படியே வைக்க முடியாது, மவுண்ட கோணமா வைக்கணும். அதுக்கு நான் சொன்னது, முதல் வருஷம் ரிட்ராக்ட்டே வேணாம், கம்பிக் காலு போட்டுப் பறக்கவிடு, உள்ள இடம் மட்டும் விட்டு வை, அப்புறம் மாத்திக்கலாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாக்ஸன்வோல்ட் போயி மிலிட்டரி மியூசியத்துல இருக்குற ஹரிக்கேனப் பாத்துட்டு வான்னு அனுப்பினேன். அங்க மெஸ்ஸர்ஷ்மிட் 262 ரெண்டு சீட்டு நைட் ஃபைட்டர் இருக்கு, உலகத்துலயே அபூர்வமான சாமான், பையன் போனதும் அதுகிட்ட அரைமணி நேரம் நின்னுட்டு அப்புறம்தான் ஹரிக்கேன் பக்கம் போயிருக்கான். ஆனா எடுத்து அனுப்பின போட்டோவுல பாதிக்கு மேல ஹரிக்கேனோட வால். துணி எப்படி ஸ்ட்ரிங்கர் மேல இழுத்து நிக்குதுன்னு கிட்டப் போயி எடுத்திருக்கான். சரி, மீன் தூண்டில்ல மாட்டிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அடுத்தது எப்படிக் கட்டுறது. ஏ.ஆர்.எஃப்னு பெட்டியில பாதி முடிச்சு வர்றத வாங்கினா ரெண்டு வாரக்கடைசியில பறக்கலாம், அதுல தப்பே இல்ல, பறக்குறதுதான் ஆசைன்னா அதத்தான் வாங்கணும். ஆனா எடை அவங்க வச்சதுதான், நம்மால கொறைக்க முடியாது, அவங்க மனசுல இருக்குறது கடல் மட்டத்து வாடிக்கையாளன்தான். முழு கிட் ஒரு காலத்துல நல்லா கிடைச்சுது, டாப் ஃப்ளைட் வார்பேர்ட் கிட் கட்டாதவன் கிளப்புல கம்மி, 2018ல ஹாபிகோ திவாலானதோட அந்தக் காலம் ஓஞ்சு போச்சு. இப்ப நம்ம கைக்கு எட்டுறது ப்ளான் பேப்பர் வாங்கி எல்லாத்தையும் நாமளே வெட்டுறது, இல்லன்னா ஷார்ட் கிட், அதாவது ரிப், ஃபார்மர் மட்டும் லேசர்ல வெட்டி வரும், ஷீட்டும் குச்சியும் நாம போட்டுக்கணும். எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்தா கூரியர் காசு, மேல 15 சதம் வாட், நீள ஷீட்டு ஒடிஞ்சு வர்ற வாய்ப்பு வேற. ஷார்ட் கிட்னா சின்னப் பெட்டியா வரும், ஒடியாது. நான் அதத்தான் சொன்னேன். ரிப் வெட்டுறதுல ரெண்டு மாசம் மிச்சம், அந்த ரெண்டு மாசத்துல தான் பாதிப் பேரு விட்டுட்டு ஓடுவான்.

இன்னொரு காரணமும் இருக்கு, ஷார்ட் கிட்ல மரம் நம்ம கையில. பால்சான்னா எல்லாம் ஒன்னுன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் ஈக்வடார்ல இருந்து வர்ற மரம் இது, 2020 வாக்குல காத்தாலை இறக்கை செய்யுறவங்க மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயி நமக்கு ஷீட்டே கிடைக்காம போச்சு, கிடைச்சதும் கல்லு மாதிரி கனம். ஒன்றரை மில்லி தடிப்பம், நாலு இஞ்ச் அகலம், மூணு அடி நீளம், ஒரே கடையில ஒரே அடுக்குல எடுத்த ரெண்டு ஷீட்டுல ஒன்னு 15 கிராம் இருக்கும், இன்னொன்னு 28 இருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லேசானது வாலுக்கும் முனைக்கும், கனமானது றெக்கைய நீளவாக்குல தாங்குற ஸ்பாருக்கு. அப்புறம் ரேகை பாக்கணும், நீளவாக்குல கோடு கோடா இருக்குற ஷீட்டு வளையும், அது றெக்கை முன்விளிம்பச் சுத்திப் போத்துறதுக்கு. மீன் செதில் மாதிரி மினுமினுப்பா புள்ளி புள்ளியா இருக்குறது வளையாது, அது ரிப்புக்கு. இத மாத்திப் போட்டா முன்விளிம்பு வெடிக்கும், எனக்கு வெடிச்சிருக்கு. கோந்துக்கு மரவேலைக் கோந்து, ஆல்கோலின் கோல்ட் க்ளூ மாதிரி எதுவும் போதும், அவசரத்துக்கு மட்டும் சூப்பர் க்ளூ, எஞ்சின் சுவருக்கும் வீல் காலுக்கும் எபாக்ஸி. கோந்தக் கொட்டாதீங்க, அதுவும் எடைதான். டர்பன்ல கட்டினா காயுறதுக்குள்ள ஈரக்காத்து ஷீட்ட முறுக்கிரும், மழைக்காலத்துல நான் றெக்கை வேலையே தொடமாட்டேன். அவனுக்கு அந்தத் தொல்லை இல்ல, அங்க குளிர்காலம் காஞ்ச காத்து, கட்டுறதுக்கு அதவிட நல்ல காலமில்ல. இங்க கட்டினத N3 ரோட்டுல வான் ரீனன் கணவாய் ஏறி அங்க கொண்டு போனா வழியிலயே மரம் சுருங்கி கவரிங் சுருக்கம் விழும், அதனால "மாமா நீங்களே கட்டிக் குடுங்களேன்"ங்குற பேச்சுக்கும் அங்கயே முற்றுப்புள்ளி வச்சேன்.

மோட்டார் விஷயத்துல ரொம்ப யோசிக்கல. எனக்கு எண்ணெய் கலந்த எரிபொருள்ல ஓடுற சின்ன க்ளோ எஞ்சின் பிடிக்கும், அந்த ஆமணக்கெண்ணெய் வாடை மூக்குல ஏறினாதான் ஞாயித்துக்கிழமை. ஆனா அந்த உசரத்துல எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், காத்து கொறைஞ்ச அளவுக்கு பவரும் கொறையும், இங்க ட்யூன் பண்ணிக் கொண்டு போன நீடிலு, அதான் எரிபொருள் அளவு வைக்குற திருகு, அங்க பெட்ரோல் குடிச்ச மாதிரி திணறும், திரும்ப இறுக்கணும். எலக்ட்ரிக் மோட்டாருக்கு மூச்சு வேணாம். ப்ரொப்பெல்லருக்கு மட்டும் காத்துல பிடிமானம் கம்மி, அதனால இங்க 15 இஞ்ச் போடுற இடத்துல அங்க 16 போட்டு வாட் மீட்டர்ல பாத்துக்கணும். 3.2 கிலோவுக்கு ஆயிரம் வாட் பக்கம் போதும், 6எஸ் 4000 லிப்போ, அதான் ஆறு செல் பேட்டரி, ஆறேழு நிமிஷம் நிம்மதியா பறக்கும். ஹரிக்கேன்ல இருக்குற மெர்லின் எஞ்சினோட மூக்கு ஒடுக்கம், அதுல க்ளோ எஞ்சின் தலை வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், மோட்டாருன்னா உள்ளயே அடங்கிரும், பேட்டரிய எவ்ளோ முன்னாடி தள்ள முடியுமோ தள்ளி வச்சா ஈயம் மிச்சம். லோட்ஷெட்டிங், அதான் கரண்ட் கட், மோசமா இருந்த வருஷங்கள்ல சார்ஜ் போட முடியாம நான் கார் பேட்டரிய வச்சு ஒப்பேத்தினேன், இப்ப அந்த அளவுக்கு இல்ல. பறக்கலன்னா லிப்போவ முழுசா ஏத்தி வைக்காம செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைக்கணும், ஹைவெல்ட்ல கோடையில மத்தியானம் ஆனா இடியும் ஆலங்கட்டியுமா வந்துரும், ஏத்தின பேட்டரியோட வீட்டுக்குத் திரும்புற நாள்தான் ஜாஸ்தி.

காசு? கிட் விலைய ஒரு பங்குன்னு வச்சா முடிக்குறப்ப மூணு பங்கு ஆகும்னு நினைச்சு ஆரம்பிங்க. அத அக்காகிட்ட சொல்லாதன்னு அவனே கேட்டுக்கிட்டான், அதனால இங்கயும் அதோட நிறுத்திக்கிறேன். மாடல் ப்ளேன் சங்கமான சாமாவுல மெம்பர்ஷிப் எடுத்து கிளப் மைதானத்துலதான் பறக்கவிடணும், பள்ளிக்கூட கிரவுண்டுல மூணு கிலோ ப்ளேன தூக்குறவன எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் விரும்பல.

இதையே டர்பன்ல, பினிக்ஸ்லயோ டொங்காட்லயோ இருக்குற யாராவது கேட்டா என் பதில் மாறும். கடல் மட்டம், எதிர்காத்து, புல்லு நல்லா இருக்கு, கீழ்றெக்கை ஓட்டிப் பழக்கமும் இருக்குன்னா மஸ்டாங் கட்டுங்க, சந்தோஷமா இருப்பீங்க. கரும்பு இல்லாத பக்கமா திரும்புங்க, அவ்ளோதான். லென்ஸ், பிரிட்டோரியா, அந்தப் பக்கம் எல்லாம் ஹரிக்கேன்தான், ஏழுல ஒரு பங்கு, றெக்கை 1.74 மீட்டர், நடுவுல கழட்டுற மாதிரி ரெண்டு துண்டா கட்டினா கார் பின்சீட்டுல போயிரும். ஸ்பிட்ஃபயர் ஆசை விடலன்னா அத அடுத்ததா கட்டுங்க, அப்ப எடைய அடக்கத் தெரிஞ்சிருக்கும்.

நேத்து திரும்பப் போன் பண்ணினான். ஷார்ட் கிட் ஆர்டர் போட்டாச்சு, பால்சா ஷீட்டு இருபது வாங்கி வச்சிருக்கானாம், "றெக்கையில ஆரம்பிக்கவா மாமா"ன்னு கேட்டான். வாலுல ஆரம்பிடா, அதுக்கு முன்னாடி இருபது ஷீட்டையும் ஒன்னொன்னா எடை போட்டு ஓரத்துல பென்சில்ல எழுதுன்னேன். தராசு இல்லியேன்னான். அம்மா கேக் மாவு நிறுக்குற தராசு அடுப்படியில இருக்கும், ராத்திரி அவ தூங்கினப்புறம் எடு, எடுத்தா திரும்ப அதே எடத்துல வை.